இறுதியாண்டு மாணவரும் தனியாராய்ச்சியும்

கல்லூரியில் இலக்கியம் பயில்வோர் தம் பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதியும் பிறர் வகுத்த பாடத்தைப் பிறர் வகுத்த முறைப்படியே பயில்கின்றனர். இன்ன நூலில் இன்ன பகுதி, இன்ன நாளில் இன்ன தேர்வு என்பன யாவும் அவர் கல்லூரி வாயிலில் அடியெடுத்து வைக்குமுன்னரே முடிவு செய்யப்பட்டுக் கிடக்கின்றன. இறுதியாண்டின் ஈற்றில் மட்டும் அந்நெறி சற்றே திரும்புகின்றது. ‘பொருளை நீரே தேர்ந்துகொள்க, நீரே ஆராய்க, நாற்பது ஐம்பது பக்கத்தில் எழுதித் தருக’ என்று துறையானது மாணவரை நோக்கிக் கூறுகின்றது. இதனை ஆய்வேடு என்பாரும், திட்டக்கட்டுரை என்பாரும் உளர். மாணவர் நாவில் அது ‘புராஜெக்ட்’. பெயர் யாதாயினும் ஆகுக. மூவாண்டுப் படிப்பில் மாணவர் ஒருவர் தம் கண்ணைத் தாமே திறந்து ஒரு நூலைக் காண்பதற்கு வாய்க்கும் முதற் சமயம் இதுவேயாம். பலர்க்கு இதுவே கடைசிச் சமயமுமாகின்றது. ஆதலின் அது கழியும் வகையைக் குறித்துச் சில கூறுதல் தகும்.

எங்கள் துறையில் ஓர் இருப்புப் பேழை உண்டு. ஆண்டுதோறும் மாணவர் எழுதிய ஏடுகள் அதன்கண் அடுக்கப்பெற்றுள்ளன. நீலக் காலிக்கோ அட்டையும் முதுகிற் பொன்னெழுத்தும் பூண்டு அவை நிற்கும் காட்சி கண்ணுக்கு இனியதே. ஆயின் தலைப்புக்களை ஒரு முறை வாசித்துச் செல்வார்க்கு அவ்வினிமை நெடுநேரம் நிலைப்பதன்று. இன்னார் நாவல்களிற் பெண்கள். இன்னார் கவிதைகளிற் சமுதாயம். இன்ன காப்பியத்தில் உவமைகள். மீண்டும் வேறோர் இன்னார் நாவல்களிற் பெண்கள். ஆசிரியர் பெயர் மாறுகின்றது; பிற யாவும் மாறுவதில்லை. முதலியலில் ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு, இரண்டாமியலில் நூலின் கதைச்சுருக்கம், மூன்றாமியலில் தலைப்பிற்குரிய சில மேற்கோள், ஈற்றில் ‘இவ்வாறு ஆசிரியர் சமுதாயத்தைப் படம் பிடித்துக் காட்டியுள்ளார்’ என்னும் ஒரு வாக்கியம். இவற்றுள் ஒன்றை மாணவர் எழுதினாரா, ஒளிநகற் கடைக்காரர் எழுதினாரா என்று துணிதல் எளிதன்று. நகலெடுத்துத் தட்டச்சுச் செய்து கட்டித் தருவதோடமையாது, பொருளையும் தாமே தருகின்ற கடைகள் உளவென்று கேள்வி.

மாணவரை மட்டும் பழிப்பதற்கு எனக்கு வாயில்லை. யான் மாணவனாயிருந்த காலத்தில், வேறொரு கல்லூரியில், புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களைக் குறித்து ஓர் ஏடு எழுதினேன். எழுதினேன் என்பது உபசார வழக்கு. இரண்டு திறனாய்வு நூல்களை இருபுறமும் விரித்துவைத்துக்கொண்டு, இடப்புற நூலில் ஒரு பத்தியும் வலப்புற நூலில் ஒரு பத்தியுமாக எடுத்துக் கோத்தேன் என்பதே மெய். பாடல்களை மூலத்திற் படித்தேனல்லேன்; அந்நூல்களிற் கண்ட அடிகளையும் எண்களையும் அப்படியே பெயர்த்து வைத்தேன். ஏட்டிற்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது; ஆசிரியர் தோளைத் தட்டினார். ஆண்டுகள் பல கழிந்து, யானே வகுப்பிற் புறநானூறு கற்பிக்கும்போது, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தவிடத்துப் பிசிராந்தையார் வந்து சேர்ந்ததை வியந்து பொத்தியார் பாடிய பாட்டை எடுத்துக்காட்ட விரும்பி, என் பழைய ஏட்டிற் குறித்திருந்தபடி 271-ஆம் பாட்டைத் திறந்தேன். ஆங்கே சோழனும் இல்லை, பிசிராந்தையாரும் இல்லை. போரில் வீழ்ந்த வீரன் ஒருவன் அணிந்த நொச்சித் தழையும், அதனை ஊனென்று கருதிக் கவர்ந்து செல்லும் பருந்துமே இருந்தன. பொத்தியார் பாட்டு 217. யான் எடுத்தெழுதிய நூலில் அச்சுக் கோத்தவர் இரண்டெண்ணை முன்பின்னாக மாற்றிவிட்டார். யானும் அவ்வாறே எழுதிவிட்டேன். புத்தகத்தை ஒரு முறை திறந்திருந்தால் அப்பிழை நேர்ந்திராது. மாணவர் எழுந்து வினவுமுன் வேறொன்றைப் பேசி அன்றைய மணியைக் கழித்தேன்.

இது நிற்க. தனியாராய்ச்சி ஏன் இவ்வாறு பிறர் நூலின் நிழலாய் முடிகின்றது? சோம்பல் ஒரு காரணமே. ஆயினும் முதற்காரணம் வேறென்று எண்ணுகின்றேன். மாணவர் ஒரு பொருளைத் தேர்கின்றனர். ஒரு வினாவைத் தேர்வதில்லை. ‘இரட்சணிய யாத்திரிகத்தின் இலக்கிய நயம்’ என்பது பொருள். அதற்கு எல்லையில்லை; எல்லையின்மையால் எதனைப் படிப்பது, எதனை விடுப்பது என்பது தெரிவதில்லை; தெரியாமையால் முன்னரே யாரேனும் நயங்கண்டு எழுதிய நூலின் காலடியில் மாணவர் சென்று விழுகின்றார். வினாவோ அங்ஙனமன்று, அது விடையை இன்ன இடத்திற் சென்று தேடுக என்று தானே கைகாட்டும். இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டால் விளக்குதல் நன்று. எடுத்த நூலையே தொடர்வோம்.

நெல்லை நாட்டுக் கிருஷ்ணபிள்ளை 1827-ஆம் ஆண்டிற் பிறந்தவர். வைணவ மரபில் வளர்ந்து, 1858-இல் கிறிஸ்துவ சமயம் தழுவியவர். ஜான் பனியன் என்னும் ஆங்கிலப் போதகர் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாண உரைநடைக் கதையைத் தழுவி, அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் நூலாக வெளிவந்தது. ஐந்து பருவமும், மூவாயிரத்தைந்நூற்றின் மேற்பட்ட செய்யுளும் உடைய பெருங்காப்பியம் அது. இதனை முழுவதும் ஆராய ஒரு பருவகாலம் போதாது. ஓர் ஆயுளும் போதுமோ என்னவோ. ஆனால் மாணவர் ஒருவர் இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்துச் செல்வாராயின் ஓரிடத்தில் அவர் கால் தடுக்கும். பனியன் கதையில் யாத்திரிகன் சிலுவையண்டை வருகின்றான். அவன் முதுகிற் கிடந்த சுமை தானே அவிழ்ந்து உருண்டு கல்லறையுள் வீழ்ந்து மறைகின்றது. ஒளிமிக்கார் மூவர் தோன்றி அவனை வாழ்த்துகின்றனர். யாவும் ஓரிரு பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. கிருஷ்ணபிள்ளையோ கிறிஸ்துநாதர் பட்ட பாடுகளையும் சிலுவை மரணத்தையும் இரட்சணிய சரிதப் படலம் என்னும் பெயரால் தனியே விரித்துரைக்கின்றார். பனியன் நூலில் அதற்கு ஒப்பாவது இல்லை. தழுவி எழுதப் புகுந்தவர் மூலத்தில் இல்லாத ஒன்றை ஏன் இத்துணை விரித்தார்? எதனைக்கொண்டு விரித்தார்? இதுவே வினா.

இவ்வினா பிறந்ததும் வேலை எத்துணை எளிதாகின்றது என்பதைக் காண்க. படிக்கவேண்டியவை மூன்றாகக் குறைந்துவிட்டன: பனியன் நூலில் அவ்விடம், காப்பியத்தில் அப்படலம், சுவிசேஷங்கள் நான்கினும் பாடுகளைக் கூறும் அதிகாரங்கள். மாணவர் ஒரு பெருந்தாளில் கோடிட்டு, ஒருபுறம் செய்யுளெண்ணையும், அடுத்து அச்செய்தி காணப்படும் சுவிசேஷத்தின் பெயர், அதிகாரம், வசனம் என்பவற்றையும் எழுதிக்கொண்டு செல்லலாம். சில செய்யுட்கு நேரே மத்தேயு வரும். சிலவற்றிற்கு லூக்கா வரும். சிலவற்றிற்கு நேரே எதனையும் எழுதவியலாது வெற்றிடமாக நிற்கும். அவ்வெற்றிடங்களே அம்மாணவரின் உடைமை. அவை புலவர் தம் நெஞ்சினின்று தந்தவையாதல் வேண்டும், அல்லது வேறெங்கிருந்தோ கொண்டவையாதல் வேண்டும். கம்பன் காப்பியத்தில் இளமைதொட்டுத் தோய்ந்தவர் கிருஷ்ணபிள்ளை என்பது பலரும் அறிந்தது. அப்படியாயின் அவ்விடங்களிற் கம்பனின் சாயல் உண்டோ? உண்டென்று முன்னரே துணிந்து புகுதல் கூடாது. கம்பனில் அவலம் மிக்க ஒரு படலத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தே சொல்லுதல் வேண்டும். இல்லையென்று முடிந்தால் அதுவும் ஒரு முடிபே. ‘சாயலுண்டென்று கருதிப் புகுந்தேன், கண்டேனில்லை’ என்று எழுதும் மாணவரைக் குறைவாக மதிக்கும் தேர்வாளர் ஒருவரையும் யான் இதுவரை அறியேன்.

எண்ணுதலே ஆராய்ச்சி என்று யான் கூறுவதாகக் கொள்ளற்க. இத்துணைச் செய்யுள், இத்துணை விழுக்காடு என்று கட்டம் கட்டமாக எழுதி அமைந்துவிடும் ஏடுகளும் எங்கள் பேழையில் உள. எண்ணியபின் அவ்வெற்றிடங்களை மீண்டும் மீண்டும் வாய்விட்டுப் படித்து, புலவர் அவ்விடத்தில் ஏன் நின்றார் என்று உணர்தலே வேலை.

மூலநூலைப் பற்றி ஒரு சொல். பதிப்பு எது என்று பாராமல் ஆராயத் தொடங்குவது மாணவரிடையே பெருவழக்காயுள்ளது. புதுமைப்பித்தன் கதைகள் முதலில் இதழ்களில் வெளிவந்தன, பின்னர் நூலாயின, இடையிற் சொற்களும் வாக்கியங்களும் மாறின. 2000-ஆம் ஆண்டில் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த தொகுப்பில் இத்தகைய பாடவேறுபாடுகள் குறிக்கப்பெற்றுள்ளன. ஒரே கதையின் இரு வடிவையும் ஒப்பிட்டு, ஆசிரியர் எதனை நீக்கினார் என்று காண்பதே இறுதியாண்டு மாணவர்க்குப் போதிய ஒரு வினாவாகும். பழைய இதழ்களைக் காணச் சென்னைக்குச் செல்லக்கூடியவர் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற்குச் செல்வாராக. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் தம் வீட்டில் சேர்த்துவைத்த நூல்களே அந்நூலகத்தின் அடிப்படை. செல்லவியலாதார்க்குத் தமிழிணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் வீட்டிற்கே பழைய அச்சு நூல்களின் படங்களைக் கொணர்கின்றது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தட்டச்சு மூலங்கள் ஒரு சொல்லை விரைந்து தேடுதற்கு மிக உதவுவன. ஆயினும் தட்டச்சில் தேடி, அச்சுப் படத்திற் சரிபார்த்து, அதன் பின்னரே மேற்கோள் எழுதுதல் வேண்டும். சொற்பொருளில் ஐயம் எழுந்தால் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டுக. ‘நாற்றம்’ என்னும் சொல்லை இன்றைய பொருளிற் கொண்டு, பழம்பாட்டொன்றில் தலைவியின் கூந்தலைப் பழித்துவிட்ட மாணவர் ஒருவரை யான் அறிவேன்.

இக்காலத்தில் வேறொன்றும் வந்துள்ளது. வினாவிய மாத்திரத்தில் பக்கம் பக்கமாக விடையெழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறி இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கின்றது. அதனைத் தொடவே கூடாதென்று யான் விதிக்கமாட்டேன். விதித்தாலும் கேட்பார் இலர். ஆனால் சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு முதல்வரைவில், ஒழுகிய தமிழில், பிழையற்ற சந்தியுடன், புறநானூற்று 412-ஆம் பாட்டின் நயம் எடுத்துரைக்கப்பட்டிருந்தது. நானூறு பாட்டே உடைய நூலில் நானூற்றுப் பன்னிரண்டாம் பாட்டு! மாணவரை அழைத்து நூலை அவர் கையிற் கொடுத்து அப்பாட்டை எடுத்துத் தருமாறு கேட்டேன். அவர் ஏட்டைப் புரட்டிப் புரட்டி ஈற்றை அடைந்து, முகஞ் சிவந்து நின்றார். கடிந்துகொள்ள நினைத்தேன், 271 நினைவிற்கு வந்தது, ‘நாளை வருக’ என்று மட்டும் கூறியனுப்பினேன். மறுநாள் அவர் தாமே படித்த ஒரே ஒரு பாட்டோடு வந்தார். அதிலிருந்தே அவர் ஏடு மீண்டும் தொடங்கிற்று.

நூலன்றி வாய்மொழிப் பாடலை ஆராய விரும்புவார்க்குத் தம் பாட்டியார் அமர்ந்திருக்கும் திண்ணையே நூலகம். பாளையங்கோட்டையில் இருந்து ‘ஆராய்ச்சி’ இதழை 1969 முதல் நடத்திய நா. வானமாமலை, நாட்டார் பாடலையும் கதைப்பாடலையும் ஊரூராகச் சேர்ப்பித்தார். அவர்க்குத் துணை நின்றாருட் பலர் இளைஞர். கைபேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். ஆயின் பாடுவாரின் இசைவை முன்னரே பெறுக. எந்த ஊர், எந்நாள், எச்சமயத்தில் அப்பாட்டு வழங்குவது என்று உடனே குறித்துக்கொள்க. சொல்லைத் திருத்தி இலக்கணத்திற்கு இயைவிக்கும் ஆசையை அடக்குக. ஒப்பாரி பாடுவாரை ஒப்பாரி பாடச் சொல்லிக் கேட்பது சில வீடுகளில் அமங்கலமாகக் கருதப்படும். அவ்விடத்தில் வற்புறுத்தலாகாது.

இனி, ஆராய்ச்சியை விடுத்துச் சிறுகதையோ கவிதையோ நாடகமோ தாமே இயற்றி ஏடாக அளிக்க விரும்பும் மாணவரைப் பற்றியது. சில துறைகள் இதனை ஏற்கின்றன. வேறு சில ஐயத்தோடு நோக்குகின்றன. ‘இருபது வயதில் என்ன எழுதிவிடப் போகின்றார்?’ என்று வினவும் ஆசிரியரும் உளர். 1872-இல் வத்தலக்குண்டிற் பிறந்த ராஜமையர், விவேகசிந்தாமணியில் ‘கமலாம்பாள் சரித்திர’த்தை வெளியிடத் தொடங்கிய 1893-இல் அவர்க்கு வயது இருபத்தொன்று. அவர் கண்ட மதுரைச் சீமையின் சிற்றூர் வாழ்க்கையே அக்கதைக்கு நிலைக்களன். ஆதலின் வயதைக் காட்டி மாணவரைத் தடுத்தல் நெறியன்று. ஆனால் தாம் காணாததை எழுதப் புகுவாரைத் தடுத்தல் ஆசிரியர் கடன்.

சில ஆண்டுகளின்முன் ஒரு மாணவி மூன்று சிறுகதைகள் எழுதிக்கொண்டு வந்தார். மூன்றும் பெருநகர்க் காதற்கதைகள். கதைமாந்தர் காப்பிக் கடைகளில் அமர்ந்து வாழ்க்கையைப் பற்றி உரையாடினர். அப்பெண் தம் ஊரைவிட்டு வெளியே தங்கியவர் அல்லர். உம் வீட்டில் மாலைப்பொழுதில் என்ன நடக்கும் என்று கேட்டேன். ‘பீடி சுற்றுவோம் ஐயா’ என்றார், அது கதைக்கு உதவாத ஒன்று என்பதுபோல. அதனையே எழுதச் சொன்னேன். முதல் வரைவில் தாயின் துயரம் நிரம்பி வழிந்தது. ஏழிடத்தில் கண்ணீர் வந்தது. யான் பென்சிலால் எண்ணிக் காட்டினேன். இரண்டாம் வரைவில் அறிவுரை புகுந்தது. மூன்றாம் வரைவில் அவை யாவும் போயின. தாய் இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்து வெட்டி, தூளிட்டுச் சுற்றி, நூல் கட்டுகின்றாள். மகள் கட்டுக்களை எண்ணிக் கடைக்குக் கொண்டுசெல்கின்றாள். அங்கே கணக்குப் பார்ப்பவர் சிலவற்றைக் கழிவென்று ஒதுக்கிவிடுகின்றார். மகள் திரும்பி வரும் வழியில் தாயிடம் எத்தனை என்று சொல்வது எனக் கணக்கிடுகின்றாள். அவ்வளவே கதை. கண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. படித்தபின் யான் சிறிது நேரம் பேசவில்லை.

அம்மாணவியின் மூன்று வரைவும் அவர் ஏட்டின் பின்னிணைப்பில் உள்ளன. படைப்பை ஏடாக அளிப்பார் பலர் இதனைச் செய்வதில்லை. முடிந்த கதையை மட்டும் தந்து, ‘இது என் உள்ளத்தில் ஊற்றெடுத்தது’ என்று முகவுரை எழுதிவிடுகின்றனர். துறை கேட்பது அதுவன்று. எதனை எழுதி எதனை நீக்கினீர், ஏன் நீக்கினீர், கதைகூறுவாரைத் தன்மையினின்று படர்க்கைக்கு மாற்றினீராயின் எதனால், வட்டார வழக்கை எவ்வளவு கொண்டீர், யாவர் கதைகளைப் படித்து எதனைக் கற்றீர் என்னும் இவற்றைப் பத்துப் பதினைந்து பக்கத்தில் நேர்மையாகக் கூறும் உரை ஒன்று கதைகளோடு சேர்ந்திருத்தல் வேண்டும். அதற்கு வரைவுகள் தேவை. கணினியிற் பழைய வரைவின்மேலேயே புதியதை எழுதிச் சேமிப்பவர்க்கு இது வாய்க்காது. ஒவ்வொரு வரைவிற்கும் நாளிட்டுத் தனிக்கோப்பாக வைத்தல் நலம்.

படைப்பை மதிப்பிடுதலிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியர்க்கு மாணவரைத் தெரியும். நல்லவர், வறியவர், வகுப்பில் அமைதியானவர் என்பன மதிப்பெண்ணில் வந்து கலக்கும். சூரியநாராயண சாஸ்திரியார் தம் தனிப்பாசுரங்களை ஞானபோதினியில் வெளியிட்டபோது இயற்பெயரை மறைத்துப் பரிதிமாற்கலைஞன் என்னும் பெயரை இட்டார். எழுதியவர் யாரென்று பாராது பாட்டையே பார்த்து மதிப்பிடவேண்டும் என்பது அவர் கருத்து. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த அவர்க்கே அம்மறைப்பு வேண்டியிருந்தது. பெயர் நீக்கிய படியொன்றை வேறு துறையாசிரியர் ஒருவர்க்குக் கொடுத்துக் கருத்துக் கேட்டல் எங்கள் துறையிற் சில ஆண்டுகளாக நடைபெறுகின்றது. பீடிக்கதையைப் படித்த வேதியியல் ஆசிரியர், ‘இதனை எழுதியவர் கணக்கில் வல்லவரோ?’ என்று மட்டும் எழுதியனுப்பினார்.

வாய்மொழித் தேர்வைக் குறித்து அஞ்சுவார் பலர். தாமே படித்தார்க்கு அதில் அஞ்சத்தக்கது யாதுமில்லை. தேர்வாளர் பெரும்பாலும் ஏட்டின் நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, அங்குள்ள மேற்கோளின் முன்பின் என்ன என்று கேட்பார். நூலைப் படித்தவர் சொல்வார்; படியாதவர் கூரையைப் பார்ப்பார். யான் என் தேர்வில் கூரையைப் பார்க்க நேரவில்லை; அன்று வந்த தேர்வாளரும் புறநானூற்றைத் திறக்கவில்லை.

எங்கள் பேழையின் திறவுகோல் துறை எழுத்தரிடம் உள்ளது; அடுத்த ஆண்டு எழுதவிருப்பார் கேட்டு வாங்கிப் பழைய ஏடுகளைப் பார்க்கலாம். பீடிக்கதை இரண்டாம் தட்டில், இடப்புறத்தில் இருக்கின்றது. என் ஏடு அங்கில்லை. அஃது யான் பயின்ற கல்லூரியில், இதுபோன்ற வேறொரு பேழையில், இப்போதும் இருக்கக்கூடும். எனக்குப் பின் வந்தார் எவரேனும் அதனை விரித்துவைத்து எழுதியிருப்பாராயின், பொத்தியார் பாட்டு அவர் ஏட்டிலும் 271-ஆகவே இருக்கும்.